ஃபேன்ஸி டிரஸ் போட்டியாம்!

ஒருநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்புனது நியூ ஜெர்ஸில இருக்கற எங்க பெரியம்மா பையன். ஒண்ணே கால் நிமிஷம். அதுல முதல் பத்து செகண்ட் வெறும் சிரிப்பு.

"டேய் தம்பி, நேத்து உங்க ஊரு மேட்ச் பாத்தேன்டா. ஆடுற டீம் ரெண்டு. கூட்டத்துல ஒருத்தன் மூணாவது டீம் சட்டையில நிக்கிறான். அவன் பக்கத்துல இருக்கறவன் நாலாவது டீம். என்னடா அது, ஸ்கூல் ஆண்டு விழா ஃபேன்ஸி டிரஸ் போட்டியா? பந்தைக் கால்ல உதைச்சா வேற கைதட்டுறாய்ங்க!"

நான் அப்ப சாம்பாருக்குத் தாளிச்சுட்டு இருந்தேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள கடுகு கருகிப் போச்சு.

அண்ணே சொன்ன "உங்க ஊரு" பெர்லின். நான் இருக்கறது ஃப்ராங்க்ஃபர்ட். நடுவுல நாலு மணி நேர ரயில். ஆனா அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு ஐரோப்பா மொத்தமும் ஒரே தெருதான், விடுங்க.

வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சேன். அது நீண்டுகிட்டே போச்சு. சரி, பதிவாவே போட்டுடலாம்னு இங்க வந்துட்டேன்.

முதல்ல, இது என்ன விளையாட்டுனு தெரியாதவங்களுக்கு. அமெரிக்கன் ஃபுட்பால். மெஸ்ஸி ஆடுறது இல்ல. ஹெல்மெட் மாட்டி, தோள்ல ரெண்டு தலைகாணி கட்டிக்கிட்டு ஆட்டுக்கெடா மாதிரி முட்டிக்குவாங்களே, அது. அதோட பெரிய லீக் என்எஃப்எல். மொத்தம் 32 டீம், எல்லாமே அமெரிக்காவுல. அந்த சீசன் மேட்ச்ல சிலத மட்டும் வருஷா வருஷம் வெளிநாட்டுக்குத் தூக்கிட்டு வந்து ஆடுறாங்க. சும்மா கண்காட்சி மேட்ச் இல்ல, சீசனோட வெற்றி தோல்விக் கணக்குல சேர்ற நெஜ மேட்ச். 2025ல மட்டும் ஏழு. சாவ் பாலோ, டப்ளின், லண்டன்ல மூணு, பெர்லின், மாட்ரிட்.

இப்ப அண்ணனோட வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

அவரு ஜெட்ஸ் ஆளு. (பேரு நியூயார்க் ஜெட்ஸ், ஆடுறது நியூ ஜெர்ஸில. அதுக்கே ஒரு தனிப் பதிவு போடலாம்.) ஸ்டேடியத்துல சீசன் டிக்கெட் வச்சிருக்காரு. ஒரு சீசனுக்கு ஒரு டீமுக்கு 17 மேட்ச்தான். சொந்த ஊர்ல எட்டோ ஒன்பதோ. அதுல ஒண்ண 2025ல லண்டனுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அக்டோபர் 12, டாட்டன்ஹாம் ஸ்டேடியம். "ஹோம் டீம்" ஜெட்ஸாம். வீடு நியூ ஜெர்ஸில, ஹோம் லண்டன்ல. டென்வர் ப்ராங்கோஸ் கிட்ட 13க்கு 11னு தோத்தாங்க.

தோத்தது கூடப் பரவாயில்ல. அன்னைக்கு ஜெட்ஸோட மொத்த பாஸிங் கணக்கு மைனஸ் 10 கஜம்.

டைப் பண்றப்ப கை தவறலீங்க. மைனஸ்தான். எறிஞ்சு சம்பாதிச்சது 45 கஜம். எறியறதுக்கு முன்னாடியே, பந்தை எறியற ஆளான குவாட்டர்பேக்க ஒன்பது தடவை அமுக்கிப் போட்டதுல போனது 55. எங்க தெரு மாமி கட்டுற மடிசார் ஒன்பது கஜம். மாமி சும்மா வாசல்ல நின்னாலே ஜெட்ஸ விட 19 கஜம் முன்னாடி.

இந்தக் கடுப்புலதான் அண்ணே எங்க மேல பாயுறாரு. புரியுது. ஆனா ஃபேன்ஸி டிரஸ்னு சொன்னா எப்படி?

முதல்ல அந்தக் கைதட்டல் குற்றச்சாட்ட எடுத்துக்குவோம்.

ஆட்டத்தோட கணக்கு ரொம்ப எளிசு. நாலு சான்ஸ், பத்து கஜம். நாலு சான்ஸுக்குள்ள பந்தைப் பத்து கஜம் முன்னாடி கொண்டு போயிட்டா மறுபடி நாலு சான்ஸ். மூணு முடிஞ்சும் தேறலேன்னா, பெரும்பாலும் நாலாவதுல பந்தை ஓங்கி உதைச்சு எதிரி பக்கம் அனுப்பிடுவாங்க. அதுக்கு பன்ட்னு பேரு. அதாவது "எங்களால முடியல, நீங்க ஆரம்பிங்க, ஆனா கொஞ்சம் தூரமாப் போய் ஆரம்பிங்க." அமெரிக்காக்காரனுக்கு அது அவமானம். அந்த நேரத்துல எந்திரிச்சு நாச்சோஸ் வாங்கப் போயிடுவான்.

ஐரோப்பாவுல கூட்டம் ஓன்னு கத்தும். ஆமா, கத்துவோம். ஃபுட்பால்னு பேரு வச்ச விளையாட்டுல மூணு மணி நேரத்துக்கு அபூர்வமா ஒரு தடவை கால் பந்து மேல படுது. அதுக்குக் கைதட்டாம வேற எதுக்குத் தட்டுறது?

(நெஜக் காரணம் வேற. இங்க எல்லாருக்கும் கால்ல உதைக்கற அருமை தெரியும். 50 கஜம் தாண்டி, காத்துல தொங்கி, கோட்டுக்கு ரெண்டு கஜம் முன்னாடி விழற உதை லேசுப்பட்ட காரியமா? அண்ணனுக்கு இது புரியாது. அவரு ஸ்கூல்ல பிடி பீரியடுக்கே மட்டம் போட்ட ஆளு.)

சரி, என் கதைக்கு வர்றேன்.

நான் ஜெர்மனி வந்தது 2017. ஆபீஸ்ல திங்கக்கெழமை காலையில பாதிப் பேரு தூக்கக் கலக்கத்துல வருவாங்க. கேட்டா ஃபுட்பாலும்பாங்க. ஃபுட்பால் சனிக்கெழமைதானே முடிஞ்சுச்சுனு கேட்டேன். "அது இல்ல, இது வேற"ன்னாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம் டிவியப் போட்டேன். காசு கட்டாத சேனல்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இது முக்கியம், கவனிங்க. இங்க புண்டஸ்லீகா பாக்கணும்னா பெரும்பாலும் மாசாமாசம் காசு கட்டணும். அமெரிக்கன் ஃபுட்பால 2015லேர்ந்து ப்ரோஸீபென் குழுமம் ஓசில காட்டுச்சு, 2023லேர்ந்து ஆர்டிஎல் காட்டுது. அமெரிக்காவுல மத்தியானம் ஒரு மணி மேட்ச், எங்களுக்கு ராத்திரி ஏழு மணி. குளிர்காலம். வெளியில இருட்டு. கடை எல்லாம் ஞாயிறு மூடிட்டான். ஏழு மணிக்கு ஒரு மனுஷன் வேற என்ன செய்வான் சொல்லுங்க? ஜெர்மனில இந்த ஆட்டம் இவ்வளவு பரவுனதுக்கு ஆராய்ச்சியெல்லாம் வேணாம். ஓசி டிவி, ஞாயிறு இருட்டு. அவ்வளவுதான்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. ஐரோப்பாவுல அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அமெரிக்காவுல அதையே ஒரு வாரம் கழிச்சுத் தள்ளுவாங்க. நடுவுல அந்த ஒரே ஒரு ஞாயிறு, மேட்ச் ஏழுக்கு இல்ல, ஆறுக்கு. எனக்கு இது தெரியறதுக்கு மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமும் அந்த ஞாயிறு ஏழு மணிக்குப் பாப்கார்னோட போய் உக்காருவேன். ரெண்டாவது குவார்ட்டர் ஓடிக்கிட்டு இருக்கும். மூணாவது வருஷம் வீட்ல அம்மணி, "இந்த வருஷமும் மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்ப அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!

பாக்க ஆரம்பிச்சாச்சு. ஒரு டீம் வேணுமே.

32 டீம் பேரையும் பாத்தேன். ராட்சசப் பேரா இருந்துச்சு. கரடி, சிங்கம், கழுகு, கடற்கொள்ளைக்காரன். நடுவுல ஒண்ணு: க்ளீவ்லண்ட் ப்ரவுன்ஸ். பேரே ப்ரவுன்ஸ். அட, நம்மாளுங்க போலன்னு நெனச்சு சேந்துட்டேன்.

(நெறம் இல்லையாம். பால் ப்ரவுன்னு அவங்களோட முதல் கோச் பேரு. ரொம்ப லேட்டாத் தெரிஞ்சுச்சு.)

அந்த வருஷம் ப்ரவுன்ஸ் 16 மேட்ச் ஆடுனாங்க (அப்பல்லாம் சீசனுக்கு 16தான்). 16ம் தோத்தாங்க. அதுல ஒண்ணு லண்டன்ல, ட்விக்கன்ஹாம் ரக்பி மைதானத்துல, மினசோட்டா வைகிங்ஸ் கிட்ட 33க்கு 16. 2025 அக்டோபர் 5 மறுபடி லண்டன், இந்தத் தடவை டாட்டன்ஹாம், மறுபடி அதே வைகிங்ஸ். கடைசி 25 செகண்ட் வரைக்கும் நாங்கதான் முன்னாடி. 21க்கு 17னு தோத்தோம். எட்டு வருஷத்துல மாறுனது மைதானம் மட்டும்தான்.

ஏன் டீம் மாத்தலேன்னு கேக்குறீங்களா? மாத்தலாம். ஐரோப்பாவுல யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ஜெர்ஸி வாங்கிட்டேனே!

அதுவும் ஒரு கதை. ஒரிஜினல் விலையப் பாத்து மயக்கம் வந்து, இணையத்துல எவன்கிட்டயோ பாதி விலைக்கு ஆர்டர் பண்ணேன். ஆறு வாரம் கழிச்சு ஒரு பொட்டலம் வந்துச்சு. அமெரிக்க சைஸ் கணக்கு புரியாம எக்ஸ்எல் போட்டிருந்தேன். முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அம்மணி பாத்துட்டு "நைட்டி நல்லா இருக்கு"ன்னாங்க. அத விடுங்க. நெஞ்சுல ப்ரவுன்ஸ்னு எழுதுன எடத்துல ஒரு எழுத்தைக் காணோம். நடுவுல இருக்க வேண்டிய டபிள்யூ. இன்னைக்கும் அதத்தான் போட்டுக்கறேன். துணி நல்ல துணி.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவரு, ரிட்டயர்டு டிராம் டிரைவர், ஒருநாள் மாடிப்படியில என்னை இந்த நைட்டில பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குள்ள போயி ஒரு கழுத்துத் துண்டு எடுத்துட்டு வந்தாரு. ஊதா கலர், ஓரத்துல ஆரஞ்சு, பழசு. ஃப்ராங்க்ஃபர்ட் கேலக்ஸி.

ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு ஒரு காலத்துல சொந்த டீமே இருந்துச்சுங்கறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவரு சொன்ன கதையச் சுருக்கமாச் சொல்றேன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு இங்க தங்குன அமெரிக்கச் சிப்பாய்ங்க தங்களோட முகாம்ல இந்த ஆட்டத்த ஆடிக்கிட்டு இருந்தாங்க. வேலிக்கு வெளிய நின்னு பாத்த ஜெர்மன் பசங்க 1977ல ஃப்ராங்க்ஃபர்ட்டர் லோவன்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. நாட்டோட முதல் கிளப். ரெண்டு வருஷத்துல லீக் வந்துருச்சு. அப்புறம் 1991ல என்எஃப்எல்லே பணம் போட்டு ஐரோப்பாவுக்கும் சேத்து ஒரு லீக் கொண்டு வந்துச்சு. நடுவுல ரெண்டு வருஷம் படுத்து, 1995ல எந்திரிச்சு, பேரை மாத்தி மாத்தி கடைசில என்எஃப்எல் யூரோப்பா. அமெரிக்காவுல பெஞ்சுல உக்காந்திருந்த பசங்க இங்க வந்து ஆடிப் பழகுவாங்க. கர்ட் வார்னர் தெரியுமா? மளிகைக் கடையில ராத்திரி ஷிஃப்ட்ல சாமான் அடுக்கிக்கிட்டு இருந்தவரு. 1998ல ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸுக்கு வந்து ஆடுனாரு. அடுத்த சீசன்லயே செயின்ட் லூயிஸ் ராம்ஸோட சூப்பர் பவுல் ஜெயிச்சாரு.

பெரியவருக்கு கர்ட் வார்னர் பெருசில்ல. அவருக்கு மேட்ச்சுக்கு முன்னாடி ஸ்டேடியம் வாசல்ல நடக்கற பவர் பார்ட்டிதான் பெருசு. பாட்டு, பீர், சாசேஜ், குழந்தை குட்டிங்க. "பாதிப் பேருக்கு ரூல்ஸ் தெரியாது. யாருக்கும் அதப் பத்திக் கவலையும் கெடையாது"ன்னாரு.

2007 ஜூன் 23 ஃபைனல் ஃப்ராங்க்ஃபர்ட்ல. ஹாம்பர்க் கிட்ட கேலக்ஸி 37க்கு 28னு தோத்துச்சு. பாத்தவங்க 48 ஆயிரம் பேரு. ஆறே நாள். ஜூன் 29 அமெரிக்காவுலேர்ந்து அறிவிப்பு: லீக்க மூடிட்டோம். ஆறு டீம்ல அஞ்சு அப்ப ஜெர்மனில இருந்துச்சு. அஞ்சும் ஒரே நாள்ல காலி.

"போன் கூடப் பண்ணலப்பா"ன்னாரு பெரியவரு. ஏதோ இவருக்குத் தனியாப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்ங்கற மாதிரி. அந்த ஃபைனல் டிக்கெட்ட இன்னும் பாஸ்போர்ட் கவருக்குள்ள வச்சிருக்காரு.

(2021ல புதுசா ஒரு ஐரோப்பிய லீக் வந்து, முதல் வருஷமே அதே பேருல வந்த புது கேலக்ஸி கப் அடிச்சுச்சு. "பேரு அதுதான்"னு நிறுத்திக்கிட்டாரு.)

அதே 2007 அக்டோபர் 28, லண்டன் வெம்பிளில முதல் சீசன் மேட்ச். நியூயார்க் ஜெயன்ட்ஸ் 13, மயாமி டால்ஃபின்ஸ் 10. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. மைதானம் உழுத வயல் மாதிரி ஆயிடுச்சு. மூணு வாரம் கழிச்சு அதே புல்லுல இங்கிலாந்து குரோஷியா கிட்ட தோத்து, யூரோ 2008க்கே போக முடியாமப் போச்சு. புல்லு மேல வந்த பழி கொஞ்ச நஞ்சமில்ல. இந்தத் தொல்லையே வேணாம்னுதான் டாட்டன்ஹாம்ல புது ஸ்டேடியம் கட்டுறப்பவே புல்தரைய மூணு துண்டா நகர்த்தி உள்ள தள்ளிட்டு, அடியில அமெரிக்க ஆட்டத்துக்குன்னு தனியா ஒரு செயற்கைத் தரை போட்டுட்டாங்க. கீழ்வீடு மேல்வீடு மாதிரி.

சரி, ஃபேன்ஸி டிரஸ்ஸுக்கு வருவோம்.

2023 நவம்பர்ல எங்க ஊருக்கே ரெண்டு மேட்ச் வந்துச்சு. அடுத்தடுத்த வாரம். முதல் வாரம் சீஃப்ஸ், டால்ஃபின்ஸ். டிக்கெட் விக்கிற அன்னைக்கு ஆபீஸ் மீட்டிங்க ம்யூட் பண்ணிட்டு லைன்ல நின்னேன். எனக்கு முன்னாடி பல லட்சம் பேருன்னு காட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் நின்னு, கடைசில "மன்னிக்கவும்". ரெண்டாவது வாரம் கோல்ட்ஸ், பேட்ரியட்ஸ். அதுக்கும் அதே மன்னிக்கவும்.

மேட்ச்சுக்கு மூணு நாள் முன்னாடி ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட மனைவிக்குக் காய்ச்சல். "வாங்குன விலைக்கே தர்றேன், வர்றியா?"ன்னாரு. அந்தம்மா நல்லா இருக்கணும்.

நவம்பர் 12. மேட்ச் மூன்றரை மணிக்கு. நான் பன்னெண்டு மணிக்கே ஸ்டேஷன்ல நிக்கிறேன், நைட்டிக்கு மேல கோட்டு. எஸ்பான் ரயில் வந்துச்சு. கதவு தொறந்துச்சு.

அந்தப் பெட்டிய எப்படிச் சொல்றது. ஜன்னலோரம் அப்பாவும் பொண்ணும், அப்பா பச்சை பேக்கர்ஸ், பொண்ணு ஊதா வைகிங்ஸ். அமெரிக்காவுல அந்த ரெண்டு டீமும் ஜென்மப் பகை. பொண்ணு அப்பா மடியில தூங்குது. கம்பியப் புடிச்சு நிக்கிற பாட்டி டல்லாஸ் கவ்பாய்ஸ். எழுபது வயசு இருக்கும். போலந்துலேர்ந்து வந்த அஞ்சாறு பசங்க, ஆளுக்கொரு டீம். ஒருத்தன் போட்டிருக்கற டீம் அந்த ஊர்லயே இப்ப இல்ல, ஊரு மாறிப் போயிடுச்சு. அவன் பழைய சட்டையிலயே வந்திருக்கான். எண்ணி எண்ணிப் பாத்தேன், ஸ்டேடியம் வர்றதுக்குள்ள 32ல 27 டீம் தேறுச்சு. அன்னைக்கு ஆடுற டீமோட சட்டை, பாதி கூட இல்ல.

ரெண்டாவது ஸ்டேஷன்ல ஒரு ஆள் ஏறுனாரு. ஆறரை அடி, சிவப்புத் தாடி. ப்ரவுன்ஸ் ஜெர்ஸி. நான் கோட்டுப் பட்டனக் கழட்டிக் காட்டுனேன். அவரு பாத்தாரு. என் நெஞ்சுல காணாமப் போன எழுத்தையும் பாத்தாரு. ஒரு கையை எடுத்துத் தன் நெஞ்சுல வச்சு, நீளமா ஒரு பெருமூச்சு விட்டாரு. துக்க வீட்டுல கையப் புடிப்போமே, அந்த மாதிரி என் கையப் புடிச்சாரு. பேரு கேட்டுக்கல. தேவைப்படல.

அண்ணே, இந்தப் பெட்டிய உங்க ஊர்ல காட்டுங்க பாப்போம். ஜெட்ஸ் சட்டை போட்டுக்கிட்டு ஃபிலடெல்ஃபியா கூட்டத்துக்குள்ள போயிட்டு வாங்க, பேசுவோம்.

மேட்ச் எப்படி இருந்துச்சா? மகா மட்டம். 10க்கு 6. மொத்த மேட்ச்சுக்கும் ஒரே ஒரு டச் டவுன் (பந்தோட எதிரி கோட்டைத் தாண்டறது), அதுவும் முதல் குவார்ட்டர்லயே கோல்ட்ஸோட ஜோனதன் டெய்லர் போட்டுட்டாரு. மீதி மூணு குவார்ட்டரும் உதை, உதை, உதை. (நாங்க கைதட்டிக்கிட்டே இருந்தோம்.)

நேர்ல பாக்கறப்பதான் ஒண்ணு கவனிச்சேன். நடுவுல நடுவுல எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. ஏன்னு புரியல. அப்புறம் பாத்தா, மைதானத்துக்குள்ள ஒரு ஆள், கைக்கு மட்டும் பளீர்னு ஆரஞ்சு உறை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரு நின்னா டிவில விளம்பரம் ஓடுதுன்னு அர்த்தம். அவரு வெளிய போற வரைக்கும் கோடி கோடியா சம்பளம் வாங்குற 22 பேரு இடுப்புல கை வச்சு நிக்கணும். அன்னைக்கு நான் அதிகமாப் பாத்த மனுஷன் அவருதான்.

பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் ஜெயிக்க வேண்டிய நேரத்துல, கோட்டுக்குப் பக்கத்துல வச்சு பந்தை எதிரி கையில குடுத்தாரு. கோச் பெலிசெக் அவரைத் தூக்கிட்டு பெய்லி ஸாப்பிய அனுப்புனாரு. அவரு கடைசி நிமிஷத்துல பெரிய தந்திரமா ஒண்ணு பண்ணாரு. பந்தைத் தரையில அடிச்சு கடிகாரத்த நிறுத்தற மாதிரி நடிச்சு, ஏமாத்தித் தூக்கி எறிஞ்சாரு. எறிஞ்ச எடத்துல கோல்ட்ஸ் ஆளுங்க மூணு பேரு சாவகாசமா நிக்கிறாங்க. அதுல ஒருத்தரு புடிச்சுக்கிட்டாரு. ஏமாந்தது நாங்க மட்டும்தான்.

இத்தனைக்கும் ஒருத்தர் எந்திரிச்சுப் போகல. 50 ஆயிரம் பேரும் அப்படியே. அதுதான் நான் அண்ணனுக்குச் சொல்ல வர்றது. உங்களுக்கு டீம் தோத்தா அந்த ஞாயிறு போச்சு. எங்களுக்கு டீமே அங்க இல்ல. தோக்கறதுக்கு ஒண்ணுமில்லாம மூணு மணி நேரம் ஆட்டத்த மட்டும் பாக்கறோம். 2022ல மியூனிக்ல முதல் மேட்ச், டாம் ப்ரேடி வந்து சீஹாக்ஸ 21க்கு 16னு ஜெயிச்சாரே, அத டிவில பாத்தேன். மேட்ச் முடியப் போற நேரம், டென்ஷன் ஏற வேண்டிய நேரம், ஸ்டேடியம் மொத்தமும் "கன்ட்ரி ரோட்ஸ்" பாட்டப் பாடுது. கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேரு. இசைய நிறுத்துன பிறகும் பாடுது. அந்தக் கூட்டத்துல யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும்னு பாதிப் பேருக்குக் கருத்தே இல்ல.

இப்ப அடிக்கடி ஒரு பேச்சு அடிபடுது. லண்டனுக்கு ஒரு நிரந்தர டீம் குடுக்கலாமான்னு. இந்தப் பேச்சுல முதல்ல வர்ற பேரு ஷாஹித் கான். லாகூர்ல பொறந்து, 16 வயசுல அமெரிக்கா போயி, பாத்திரம் கழுவிப் படிச்சு, கார் பம்பர் செஞ்சு கோடீஸ்வரனானவரு. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கும் ஓனர் அவருதான், லண்டன்ல ஃபுல்ஹாம் கால்பந்து கிளப்புக்கும் அவருதான். 2013லேர்ந்து (கொரோனா வருஷம் தவிர) ஜாகுவார்ஸ் வருஷா வருஷம் லண்டன் வந்துடும். 2018ல வெம்பிளியையே 60 கோடி பவுண்டுக்கு விலை பேசி, எதிர்ப்பு வரவும் விட்டுட்டாரு.

எனக்கு இந்த நிரந்தர டீம் யோசனை சுத்தமாப் புடிக்கல. பயண தூரம், வரி, மணிக் கணக்குன்னு ஆயிரம் காரணம் சொல்றாங்க. என் காரணம் ஒண்ணுதான். லண்டனுக்கு டீம் வந்தா, அந்த ரயில் பெட்டில 27 சட்டை இருக்காது. ஒரு சட்டைதான் இருக்கும். அப்புறம் அந்த டீம் தோக்கும், சண்டை வரும், கோச்ச மாத்தச் சொல்லுவாங்க, ஒருநாள் நஷ்டம்னு அமெரிக்காவுலேர்ந்து அறிவிப்பு வரும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதெல்லாம் ஏற்கனவே நடந்தாச்சு.

மதுரைக்காரனுக்கு இது சட்டுனு புரியும். அழகர் வருஷத்துக்கு ஒரு தடவை மலையிலேர்ந்து இறங்கி வர்றாரு, ஆத்துல இறங்குறாரு, ஊரே கூடுது, திரும்பி மலைக்குப் போயிடறாரு. "பாவம் அலைச்சல், மதுரையிலேயே ஒரு வீடு பாத்துக் குடுத்துடலாம்"னு யாராவது சொன்னா விடுவோமா?

அண்ணன் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எங்களுக்குத் திருவிழான்னா அவருக்கு ஒரு ஹோம் மேட்ச் காலி. ஜாக்சன்வில் ஜனங்களுக்கு வருஷா வருஷம் காலி. 2026க்கு பாரிஸ், மெல்போர்ன்னு பட்டியல் நீண்டுகிட்டே போகுது. நான் கைதட்டுற ஒவ்வொரு உதையும் அங்க யாரோ ஒருத்தரோட சீசன் டிக்கெட்லேர்ந்து வர்றது. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஃப்ராங்க்ஃபர்ட்ல அன்னைக்கு மேட்ச் முடிஞ்சு வெளிய வந்தா, ஸ்டேஷன்ல அதே சிவப்புத் தாடி நிக்கிறாரு. கடிகாரத்தக் காட்டுனாரு. ஏழாகப் போகுது. ஏழு மணிக்கு அமெரிக்காவுல ப்ரவுன்ஸ் ஆட்டம், பால்டிமோர் ரேவன்ஸோட.

ஸாக்சன்ஹவுசன்ல ஒரு ஆப்பிள் ஒயின் கடைக்குப் போனோம். நீலப் பூப் போட்ட சாம்பல் ஜாடில கொண்டு வந்து வைப்பாங்க. முதல் வாய் புளிச்ச மோர் மாதிரி இருக்கும், மூணாவது வாய்ல பழகிடும். கடையில டிவி இல்ல. அவரோட போன ஜாடி மேல சாய்ச்சு வச்சோம்.

முதல் நிமிஷத்துலயே எங்க ஆளு எறிஞ்ச பந்தை ரேவன்ஸ் புடிச்சு ஓடி டச் டவுன். தாடி போனைக் குப்புறக் கவுத்துட்டாரு. நான் நிமித்தி வச்சேன். நாலாவது குவார்ட்டர்ல 31க்கு 17னு பின்னாடி கெடந்தோம். அப்புறம் ஒரு டச் டவுன். அப்புறம் ரேவன்ஸ் எறிஞ்சத எங்காளு நியூசம் புடிச்சு ஓடி இன்னொண்ணு. சமம் பண்ண ஒரே ஒரு சின்ன உதை போதும், அதையும் எங்க கிக்கர் ஹாப்கின்ஸ் வெளிய உதைச்சாரு. 31க்கு 30. தாடி தலையில கைய வச்சுக்கிட்டாரு. கடைக்காரம்மா வந்து யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டாங்க.

கடைசி செகண்ட். அதே ஹாப்கின்ஸ். 40 கஜம். உதைச்சாரு.

கைதட்டுனோம்ணே. ரெண்டே பேரு, கடை அதிர்ற மாதிரி. ப்ரவுன்ஸ் 33, ரேவன்ஸ் 31. அந்த மேட்ச்ல நாங்க முன்னாடி இருந்த ஒரே நேரம் அதுதான்.

அவரு நம்பர் என் போன்ல "ப்ரவுன்ஸ் தாடி"ன்னு இருக்கு. பேரு இன்னும் கேட்டுக்கல.

2026ல மறுபடி மியூனிக்ல மேட்ச்னு அறிவிச்சிருக்காங்க. அண்ணே, டிக்கெட் கெடைச்சா சொல்றேன், அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. ஜெட்ஸ் சட்டையிலயே வாங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.